64 கட்டங்கள், 20 இலக்கங்கள்

சதுரங்கக் கதையில் பிறந்த ஒரு ராட்சத எண் பாயசத்தில் தொடங்கி ராக்கெட் வரை தலைகாட்டுகிறது. ஏமாந்தவர்களின் கணக்கிலும்தான்.

கேரளத்தில் ஆலப்புழை மாவட்டத்தில் உள்ள அம்பலப்புழை கிருஷ்ணன் கோயில் பால் பாயசத்துக்குப் பெயர் போனது. பாயசத்துக்குப் பின்னால் ஒரு கடன் கதை இருக்கிறது. அந்தப் பகுதியை ஆண்ட செம்பகசேரி மன்னனுக்குச் சதுரங்கப் பைத்தியம். ஒரு நாள் வயதான முனிவர் ஒருவர் அரண்மனைக்கு வருகிறார். ஆடலாமா என்கிறான் மன்னன். ஜெயித்தால் என்ன வேண்டும் என்றும் கேட்கிறான். முனிவரின் ஆசை அற்பமாகத் தெரிகிறது. முதல் கட்டத்துக்கு ஓர் அரிசி, இரண்டாவதுக்கு இரண்டு, மூன்றாவதுக்கு நான்கு. இப்படிக் கட்டத்துக்குக் கட்டம் இரட்டித்து 64 கட்டங்களுக்கும் கொடுத்தால் போதும்.

மன்னன் தோற்கிறான். அரிசி அளக்கத் தொடங்கியதும்தான் உறைக்கிறது. களஞ்சியம் காலியாகிறது, அண்டை நாட்டிலிருந்து வரவழைத்தாலும் போதாது. முனிவராக வந்த கிருஷ்ணன் சுயரூபம் காட்டி, கடனைச் சிறுகச் சிறுகத் தீர்க்கலாம் என்று சலுகை தருகிறான். கோயிலுக்கு வருகிறவர்களுக்குப் பாயசமாக. கடன் முடியும் வரை.

எப்போது முடியும்? 64 கட்டங்களுக்கும் சேர்ந்த மொத்த அரிசி 18446744073709551615. இருபது இலக்கங்கள். நம் ஊர் முறையில் கமா போட்டால் 1,84,46,74,40,73,70,95,51,615. வாய்விட்டுச் சொல்வதானால் 1,84,467 கோடி கோடி, அதன்மேல் 44,07,370 கோடி, அதன்மேல் 95,51,615. ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்கும் மேஜையில் உட்கார்ந்தவர்களுக்குப் பில்லியனும் டிரில்லியனும் பழகிப்போனவை. பில்லியன் என்றால் நூறு கோடி, டிரில்லியன் என்றால் லட்சம் கோடி என்று கை தானாக மாற்றிவிடும். இந்த எண்ணிடம் அது பலிக்காது. கோடியை இரண்டு தடவை சொன்னால்தான் கட்டுக்குள் வருகிறது.

கிராமுக்கு 40 அரிசி என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் மன்னனின் கடன் சுமார் 46,117 கோடி டன். 2023-24இல் இந்தியா முழுவதிலும் விளைந்த அரிசி ஏறக்குறைய 13.8 கோடி டன். நாடு முழுக்கப் பட்டினி கிடந்து அத்தனை விளைச்சலையும் அம்பலப்புழைக்கே அனுப்பினாலும் 3,300 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். பாயசமாகவே தீர்ப்பது என்றால்? ஒரு பேச்சுக்குத் தினமும் 100 கிலோ அரிசி வேகிறது என்று எடுத்துக்கொண்டால் சுமார் 1,262 கோடி ஆண்டுகள். இந்தப் பிரபஞ்சத்தின் வயதே 1,380 கோடி ஆண்டுகள்தான் என்கிறார்கள் வானியல்காரர்கள். கிருஷ்ணன் கொடுத்த தவணை தாராளமானது.

இந்தக் கதை கேரளத்துக்கு மட்டும் சொந்தமில்லை. 13ஆம் நூற்றாண்டு அரபு வரலாற்றாசிரியர் இப்னு கல்லிகான் இதையே இந்திய மன்னன் ஒருவன் மேல் ஏற்றிச் சொல்கிறார். சதுரங்கத்தைக் கண்டுபிடித்த சிஸ்ஸா என்பவன் பரிசு கேட்கிறான். அரிசிக்குப் பதில் கோதுமை. அதற்கும் முன்னால், கி.பி. 1000ஐ ஒட்டி, அல்பிரூனி தன் காலக்கணக்கு நூலில் இந்தக் கூட்டுத்தொகையைக் கணக்கிட்டுக் காட்டியிருக்கிறார். கட்டம் கட்டமாக இரட்டித்துக் கூட்டவில்லை அவர். வர்க்கத்துக்கு வர்க்கம் எடுத்துக்கொண்டே போகும் குறுக்கு வழியைக் கையாண்டார்.

அந்தக் குறுக்கு வழி இந்தியாவில் அதைவிடப் பழையது. வந்த இடமும் எதிர்பாராதது: யாப்பிலக்கணம். சம்ஸ்கிருதச் செய்யுளில் ஒவ்வோர் அசையும் லகு அல்லது குரு. ஓர் அடியில் இத்தனை அசை என்றால் எத்தனை வகையாக அமைக்கலாம்? ஓர் அசைக்கு 2 வகை, இரண்டு அசைக்கு 4, மூன்றுக்கு 8. அரிசி மணிக் கணக்கேதான். கிறிஸ்துவுக்கு முந்தைய நூற்றாண்டுகளைச் சேர்ந்தவராகக் கருதப்படும் பிங்கலர் தன் சந்த சாஸ்திரத்தில் இதற்கு வழி சொல்கிறார். எண்ணைப் பாதியாக்க முடிந்தால் பாதியாக்கு, முடியாவிட்டால் ஒன்றைக் கழி. திரும்பி வரும்போது பாதியாக்கிய இடத்தில் வர்க்கம் எடு, ஒன்றைக் கழித்த இடத்தில் இரட்டித்துக்கொள். கழித்த இடத்துக்கு அவர் வைக்கும் அடையாளம் சூன்யம்.

64ஐப் பாதி, பாதியாக்கினால் 32, 16, 8, 4, 2, 1. ஆறே படிகள். திரும்பும்போது 2இன் வர்க்கம் 4. அதன் வர்க்கம் 16. பிறகு 256, 65,536, 4294967296. ஆறாவது வர்க்கம் 18446744073709551616. அதிலிருந்து ஒன்றைக் கழித்தால் மன்னனின் கடன். 63 தடவை இரட்டிக்க வேண்டிய வேலை ஆறு பெருக்கல்களில் முடிந்துவிட்டது. பெரிய எண்களைப் படிப்படியாகப் பெருக்கும் இன்றைய கணினி நிரல்களும் பெரும்பாலும் இந்த உத்தியைத்தான் பின்பற்றுகின்றன. தமிழ் இலக்கணம் படித்தவர்கள் யாப்பருங்கலக்காரிகையை மனப்பாடம் செய்து பரீட்சை எழுதியதோடு சரி. அசை எண்ணுவதில் இப்படியொரு கணக்கு ஒளிந்திருக்கிறது என்று எந்த வகுப்பிலும் சொல்லித் தருவதில்லை.

மன்னன் ஏன் ஏமாந்தான் என்பதற்குப் பலகையையே பார்க்கலாம். முதல் வரிசை எட்டுக் கட்டங்களும் சேர்ந்து 255 அரிசி. ஆறரை கிராம் கூட இல்லை, ஒரு சிட்டிகை. இரண்டாவது வரிசை முடியும்போது 65,535. ஒன்றே முக்கால் கிலோவுக்கும் குறைவு. மூன்றாவது வரிசையோடு 1,67,77,215. எட்டு மூட்டையும் கொஞ்சமும். பாதிப் பலகையைத் தாண்டும்போது 4294967295. அதாவது சுமார் 107 டன், பத்துப் பதினோரு லாரி லோடு. ஒரு மன்னனுக்கு இது ஒரு பொருட்டே அல்ல. பாதி ஆட்டம் முடிந்தும் அவன் சிரித்துக்கொண்டுதான் இருந்திருப்பான். மிச்சமிருக்கும் பாதியில், இந்த 107 டன்னைப் போல 429 கோடி மடங்கு இருக்கிறது.

இந்தப் பட்டியலில் ஒரு விநோதம் உண்டு. எந்தக் கட்டத்தை எடுத்துக்கொண்டாலும், அதில் உள்ள அரிசி அதற்கு முந்தைய எல்லாக் கட்டங்களின் மொத்தத்தைவிடச் சரியாக ஒன்று கூடுதல். ஐந்தாவது கட்டத்தில் 16. முந்தைய நான்கும் சேர்ந்து 15. ஆறாவதில் 32, முந்தைய ஐந்தும் சேர்ந்து 31. அறுபத்து நாலாவது கட்டம் வரை இதில் மாற்றமே இல்லை.

கேட்க விளையாட்டாக இருக்கிறது. ஆனால் இந்த 'ஒன்று கூடுதல்' பல குடும்பங்களின் சேமிப்பைக் கரைத்திருக்கிறது. "நீங்கள் இரண்டு பேரைச் சேருங்கள், அவர்கள் ஆளுக்கு இரண்டு பேரைச் சேர்ப்பார்கள், ஒவ்வொருவர் சேரும்போதும் உங்களுக்குப் பங்கு" என்று கல்யாண மண்டபங்களில் கூட்டம் போட்டு ஆசை காட்டும் சங்கிலித் திட்டங்களின் எலும்புக்கூடு இந்தப் பலகைதான். மேலே ஒருவர், அடுத்த படியில் இருவர், அதற்கடுத்து நால்வர். முப்பது படி நிரம்பும்போது 107 கோடிப் பேர் சேர்ந்திருக்க வேண்டும். 31ஆவது படிக்கு மட்டும் இன்னொரு 107 கோடிப் பேர் தேவை. இந்தியாவின் மக்கள்தொகையே 140 கோடியைச் சற்றுத் தாண்டியதுதான். கைக்குழந்தைகளையும் சேர்த்துக்கொண்டாலும் ஆள் கிடைக்காது.

சங்கிலி அறுவதற்கு 31 படி வரை போகத் தேவையில்லை. அது பத்தாவது படியில் நின்றாலும் இருபதாவதில் நின்றாலும், கடைசிப் படியில் இருப்பவர்கள் மேலே உள்ள அத்தனை பேரையும்விட ஒருவர் அதிகம். யாரையும் சேர்க்க முடியாமல் பணத்தைப் போட்டுவிட்டு நிற்பவர்கள் அவர்கள். போட்டதை மீட்கவே தனக்குக் கீழே இரண்டு படி நிரம்ப வேண்டும் என்ற திட்டமாக இருந்தால் முக்கால்வாசிப் பேருக்கு நஷ்டம். நிர்வாகி நல்லவரா கெட்டவரா, பொருள் தரமானதா போலியா என்பதெல்லாம் இதற்கு அப்புறம் வரும் கேள்விகள். யோக்கியர் நடத்தினாலும் பாதிப் பேர் ஏமாறுவார்கள் என்று எண் முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறது. 1978லேயே பரிசுச் சீட்டுகளையும் பணச் சுழற்சித் திட்டங்களையும் தடை செய்யும் சட்டம் வந்தது. நேரடி விற்பனை என்ற போர்வையில் பிரமிடுத் திட்டங்கள் நடத்துவதை 2021இல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு விதிகள் தடுக்கின்றன. சட்டத்தின் பிரிவுகளைவிட ஐந்தாவது கட்டத்தின் 16ஐயும் அதற்கு முந்தைய 15ஐயும் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தால் அதிகம் பயன்படும் என்று தோன்றுகிறது.

கணித வல்லுநர்கள் இந்த எண்ணை நேசிப்பதற்குக் காரணம் வேறு. பெரிய எண்களைக் காரணிகளாகப் பிரிப்பது படு சிரமமான வேலை. இந்த எண்ணோ தானாகவே உரிந்து கொடுக்கிறது. ஒரு வர்க்கத்திலிருந்து ஒன்றைக் கழித்தால், அது மூலத்துக்கு ஒன்று கூடுதலானதும் ஒன்று குறைவானதுமான இரண்டு எண்களின் பெருக்கல் பலன் என்பது எட்டாம் வகுப்புப் பாடம். பிங்கலரின் ஆறு வர்க்கங்கள் மேல் அதை ஆறு தடவை பிரயோகித்தால், 3, 5, 17, 257, 65,537, 4294967297 ஆகிய ஆறு எண்களையும் பெருக்கினால் கிடைப்பதுதான் மன்னனின் கடன் என்று தெரிகிறது.

இந்த ஆறும் சாமானியமானவை அல்ல. பிரான்சின் துலூஸ் நகர நீதிமன்றத்தில் பதவி வகித்துக்கொண்டே கணிதத்தில் சாதனை படைத்த பியேர் தெ ஃபெர்மாவின் பெயரால் வழங்குபவை. இந்த வரிசையில் வரும் எண்கள் எல்லாமே பகா எண்கள், அதாவது வேறு எதனாலும் வகுபடாதவை, என்று 1640இல் அவர் நம்பினார். முதல் ஐந்து அப்படித்தான். ஆறாவதான 4294967297இல் நம்பிக்கை உடைந்தது. 1732இல் லியோனார்ட் ஆய்லர் அது 641ஆல் வகுபடுகிறது என்று காட்டினார். 641ஐ 6700417ஆல் பெருக்கிப் பார்த்துக்கொள்ளலாம்.

ஆய்லர் குருட்டாம்போக்கில் தேடவில்லை. 4294967297ஐ ஒரு பகா எண் வகுத்தால், அது 64இன் ஏதோ ஒரு மடங்குக்கு ஒன்று கூடுதலாகத்தான் இருக்க முடியும் என்று பின்னர் அவரே நிரூபித்தார். அப்படிப்பட்ட பகா எண்கள் 193, 257, 449, 577, 641 என்று போகின்றன. ஐந்தாவதிலேயே மாட்டிக்கொள்கிறது. 64இன் பத்து மடங்கு 640, கூட ஒன்று. சதுரங்கப் பலகையின் 64 கட்டங்களுக்கும் இந்த 64க்கும் நேரடித் தொடர்பு இல்லை. இருந்தாலும் கதையை விட்டு நகராமல் அந்த எண் சுற்றிச் சுற்றி வருவது சுவாரசியம்தான்.

ஆக, 18446744073709551615க்குப் பகாக் காரணிகள் ஏழு: 3, 5, 17, 257, 641, 65537, 6700417. எதுவும் இரண்டு தடவை வரவில்லை. அதனால் இந்த எண்ணை மீதியின்றி வகுக்கும் எண்கள் மொத்தம் 128. இந்த வரிசையில் ஆறாவதுக்கு அப்பால் ஒரு பகா எண்ணாவது உண்டா என்பது இன்றுவரை தெரியாது. அடுத்தடுத்துச் சோதித்த அத்தனையும் உடைந்தவைதான்.

1796 மார்ச்சில், 19 வயது நிறைய ஒரு மாதம் இருந்த கார்ல் ஃப்ரீட்ரிக் காஸ் இந்த எண்களுக்கு ஒரு புதிய வாழ்க்கை கொடுத்தார். அளவு குறிக்காத அடிக்கோலும் கவராயமும் மட்டும் கொண்டு சமபக்கப் பலகோணம் வரைவது கிரேக்கர்கள் காலத்து விளையாட்டு. மூன்று பக்கமும் ஐந்து பக்கமும் அவர்களுக்குக் கைவந்தவை. ஏழு பக்கம் வரவில்லை. பதினேழு பக்கம் வரும் என்று காட்டினார் காஸ். ஃபெர்மாவின் பகா எண்களையும் அவற்றின் பெருக்கல்களையும் பக்க எண்ணிக்கையாகக் கொண்டவை வரையக்கூடியவை என்பது அவர் முடிவு. மற்ற ஒற்றைப்படைப் பலகோணங்கள் வராது என்பதை 1837இல் பியேர் வான்ட்ஸல் நிரூபித்தார். தெரிந்த ஐந்து பகா எண்களைக் கொண்டு அமைக்கக்கூடிய ஒற்றைப்படைப் பலகோணங்கள் 31. அவற்றில் மிகப் பெரியதற்கு 4294967295 பக்கங்கள். பாதிப் பலகையின் அரிசி எண்ணிக்கை அதுவேதான். யோஹான் ஹெர்மஸ் என்ற ஜெர்மானியர் 65,537 பக்கப் பலகோணத்தை வரையும் வழியைப் பத்தாண்டு உழைத்து எழுதினார். அந்தக் கையெழுத்துப் பிரதி கோட்டிங்கன் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. வரைந்து முடித்தாலும் கண்ணுக்கு அது வட்டமாகத்தான் தெரியும்.

இந்த 65,537 பிற்பாடு உத்தியோகத்துக்குப் போய்விட்டது. இணையத்தில் ரகசியத்தைப் பூட்டி அனுப்ப 1977இல் உருவான ஆர்.எஸ்.ஏ. முறையில், பூட்டுவதற்கான சாவியின் ஒரு பகுதியாகப் பெரும்பாலும் இந்த எண்ணைத்தான் வைக்கிறார்கள். பகா எண், தவிரவும் 16 வர்க்கமும் ஒரு பெருக்கலும் போட்டால் கணக்கு முடிந்துவிடுகிறது. மறுபடியும் பிங்கலர்.

காசிக்கும் இந்த எண்ணில் பங்கு உண்டு, விளம்பரத்துக்காக. 1883இல் பாரிஸில் ஒரு பொம்மை விற்பனைக்கு வந்தது. மூன்று குச்சிகள், ஒன்றில் பெரியதன்மேல் சிறியதாக அடுக்கிய தட்டுகள். ஒரு தடவைக்கு ஒரு தட்டு வீதம், சிறியதன்மேல் பெரியதை வைக்காமல், வேறொரு குச்சிக்கு மாற்ற வேண்டும். பெயர் ஹனாய் கோபுரம். கண்டுபிடித்தவர் சியாமைச் சேர்ந்த என். க்ளாஸ் என்று பெட்டியில் போட்டிருந்தது. அப்படி ஒருவரும் இல்லை. அமியான் நகரத்துக்காரரான எதுவார் லூக்கா என்ற கணிதப் பேராசிரியர் தன் பெயரின் எழுத்துகளையே கலைத்துப் போட்டிருந்தார். பொம்மையோடு ஒரு கதையும் பரவியது. காசியில் ஒரு கோயிலில் மூன்று வைர ஊசிகளும் 64 தங்கத் தட்டுகளும் உள்ளன, பூசாரிகள் இரவு பகலாக நகர்த்துகிறார்கள், முடிந்ததும் உலகம் அழியும். காசியில் அப்படிக் கோயில் எதுவும் கிடையாது. ஆனால் கணக்கு சரி. 64 தட்டுகளுக்குக் குறைந்தபட்சம் 18446744073709551615 நகர்த்தல்கள் தேவை. விநாடிக்கு ஒன்று என்றாலும் 58,000 கோடி ஆண்டுகளுக்கு மேல்.

கம்ப்யூட்டர்களுக்கு இரட்டிப்பு பிறவிக் குணம். எல்லாமே ஒன்று, பூஜ்யம் என்ற இரண்டில் ஓடுவதால், ஒவ்வொரு பிட்டும் பலகையில் ஒரு கட்டம். 64 பிட் இயந்திரம் ஒரே மூச்சில் பிடிக்கக்கூடிய மிகப் பெரிய முழு எண் மன்னனின் கடனேதான். பிரச்னை, சிறிய பலகையில் பெரிய கணக்கைத் திணிக்கும்போது வருகிறது. 1996 ஜூன் 4 அன்று பிரெஞ்சு கயானாவின் கூரூ தளத்திலிருந்து கிளம்பிய முதல் ஏரியான்-5 ராக்கெட், நான்கு கிளஸ்டர் விஞ்ஞானக் கோள்களோடு 40 விநாடிக்குள் சிதறியது. அதன் பக்கவாட்டு வேகத்தைக் குறிக்கும் 64 பிட் எண்ணை 16 பிட் இடத்துக்குள் மாற்ற முயன்றது மென்பொருள். அந்த இடம் 32,767க்கு மேல் தாங்காது. பழைய ஏரியான்-4இன் மென்பொருளை அப்படியே எடுத்துக்கொண்டதன் விளைவு. ஏரியான்-4 கிளம்பிய தொடக்கத்திலேயே அவ்வளவு வேகத்தை எட்டியதில்லை.

2020 இலையுதிர் காலத்தில் இங்கிலாந்தில் 15,841 கொரோனா நோயாளிகளின் விவரம் கணக்கில் வராமல் போனதற்கும் இது போன்ற சங்கதிதான் காரணம். பரிசோதனை முடிவுகளைப் பழைய வகை எக்ஸெல் கோப்பில் போட்டார்கள். அதில் 65,536 வரிசைக்கு மேல் இடமில்லை. மிஞ்சியவை சத்தமில்லாமல் விழுந்துவிட்டன. அவர்களோடு பழகியவர்களுக்கு எச்சரிக்கை போவது தாமதமானது. இரண்டு வரிசைப் பலகையின் எல்லை அது. வேடிக்கையான முகமும் உண்டு. 2014 டிசம்பரில் கொரியாவின் கங்னம் ஸ்டைல் பாட்டை 214 கோடித் தடவைக்கு மேல் ஜனங்கள் பார்த்துத் தீர்த்ததால், 32 பிட்டில் எண்ணிக்கொண்டிருந்த யூடியூப் 64 பிட்டுக்கு மாறியது.

அதே 214 கோடிக்கு இன்னொரு கெடு இருக்கிறது. பல கம்ப்யூட்டர் அமைப்புகள் நேரத்தை 1970 ஜனவரி 1 முதல் கடந்த விநாடிகளாக எண்ணுகின்றன. எண்ணிக்கையை 32 பிட்டில் வைத்திருப்பவற்றுக்கு 2147483647தான் எல்லை. இந்திய நேரப்படி 2038 ஜனவரி 19 காலை 8 மணி 44 நிமிடம் 7 விநாடிக்கு அது நிறைகிறது. அடுத்த விநாடி அவை 1901 டிசம்பருக்குத் திரும்பிவிடும். கைபேசிகளும் புதிய கம்ப்யூட்டர்களும் பெரும்பாலும் 64 பிட்டுக்கு மாறிவிட்டன. தொழிற்சாலைகளிலும் மின் நிலையங்களிலும் பெட்டிக்குள் அடைபட்டு, யாரும் திறந்து பார்க்காமல் ஓடிக்கொண்டிருக்கும் பழைய சில்லுகள்தான் கவலை.

64 பிட் கடிகாரத்துக்கும் எல்லை இல்லாமல் இல்லை. ஒரு பிட் கூட்டல் கழித்தல் குறிக்குப் போக, மீதி 63 பிட்டில் சுமார் 29,200 கோடி ஆண்டுகள் எண்ணலாம். 1970 ஜனவரி 1 அன்று காசிப் பூசாரிகளும் வேலையைத் தொடங்கியிருந்தார்கள் என்றால், கடிகாரம் நிறையும் அந்த விநாடியில் அவர்கள் மேலிருந்த 63 தட்டுகளை அடுத்த ஊசிக்கு மாற்றி முடித்திருப்பார்கள். அடியில் இருக்கும் பெரிய தட்டு மட்டும் அசையாமல் கிடக்கும்.